உளூத் தண்ணீரும் தூக்குவாளியும்

அல்லாஹ் தந்த உடலும் அமானிதம். நம் மணலூர்பேட்டையைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையும் அமானிதம். இரண்டைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவு தண்ணீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிமில் இருக்கிறது. நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே கால் கழுவுகிறோம். தலைக்கு மஸ்ஹு செய்யும் நேரத்திலாவது குழாயை மூடுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துள்ளது. ஆனாலும் சூடான சால்னாவை அதில்தான் கட்டி வாங்குகிறோம். சூட்டில் பிளாஸ்டிக்கின் ரசாயனம் உணவில் இறங்கும். வீசிய பை ஆற்றோடு போய்விடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது வந்ததுபோல் வெள்ளம் வந்தால் வயலுக்கும் வாசலுக்கும் திரும்பி வரும். தூக்குவாளி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வயிறும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அப்படியானால் அதைப் பாதையில் போடுவது எதன் கிளை?

குளித்து, நேரத்தோடு, வாகனம் ஏறாமல் நடந்து ஜும்ஆவுக்கு வந்து, குத்பாவைக் கவனமாகக் கேட்பவருக்கு ஒவ்வோர் எட்டுக்கும் ஓராண்டு நோன்பு, தொழுகையின் நன்மை உண்டு என்பது நபிமொழி. பக்கத்துத் தெருவிலிருந்து பைக்கில் வருபவர்களே, யோசியுங்கள். சர்க்கரைக்கு மருத்துவர் சொல்வதும் அதே நடையைத்தான்.

அடுத்த ஜும்ஆவுக்குள் இவற்றில் ஒன்றையாவது தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.