திரும்புவதற்கும் எரிபொருள்

அமெரிக்காவிலிருந்து சிறு விமானத்தில் அலாஸ்காவுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் இறங்கி ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, கிழக்கே மலையைத் தாண்டி ஃபோர்ட் செயின்ட் ஜான், ஃபோர்ட் நெல்சன் என்று அலாஸ்கா நெடுஞ்சாலையைத் தொட்டுக்கொண்டே போய் வாட்சன் லேக்கை அடைகிறது. மற்றொன்று ராக்கி மலைத் தொடரை ஒட்டி வடமேற்காக நீளும் பெரும் பள்ளத்தாக்கு. விமானிகள் அதை ‘டிரெஞ்ச்’ என்றே சொல்கிறார்கள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். தூரமும் குறைவு. ஆனால் மெக்கன்சி என்ற ஊரைத் தாண்டினால் வாட்சன் லேக் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் காடும் தண்ணீரும்தான். கீழே நெடுநேரம் தெரிவது வில்லிஸ்டன் ஏரி. 1960களின் இறுதியில் பென்னட் அணை கட்டியபோது உருவான செயற்கை ஏரி அது. ஓரிரு சிறு குடியிருப்புகளும் சரளைத் தளங்களும் உண்டு. நம்பி இறங்கி எரிபொருள் நிரப்ப இடமில்லை.

முதல் முறை போகிறவர் சாலையோரமாகவே போக வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. அந்தச் சாலை பிறந்ததே விமானங்களுக்காக என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது வடமேற்கில் விமானத் தளங்களின் சங்கிலி ஒன்று முதலில் அமைந்தது. பிறகு 1942இல் அந்தத் தளங்களைக் கோத்தபடி சுமார் எட்டு மாதத்தில் நெடுஞ்சாலையை வெட்டினார்கள். சோவியத் யூனியனுக்கு அமெரிக்கா கொடுத்த ஏறத்தாழ 8,000 போர் விமானங்கள் இந்த வழியாகத்தான் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போய்ச் சேர்ந்தன. இன்றும் அந்த ஊர்களில் பெட்ரோல் கிடைக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் சாலையிலேயே இறங்கலாம். லாரிக்காரர் யாராவது வந்து சேருவார். மேகம் தாழ்ந்தாலும் வழிகாட்டக் கண்முன்னே சாலை இருக்கும்.

இத்தனை தெரிந்தும் டிரெஞ்சின் நேர்கோடு மனிதரை இழுக்கிறது. வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து, ஜனவரி இரவொன்றில் ‘சாலை வழியே’ என்று எழுதியவர் நிதானமானவர். ஜூலையில், இரண்டு நாள் மழையில் முடங்கிவிட்டு மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்ததும் ‘குறுக்கே போய்விட்டால் என்ன’ என்று கேட்பவரும் அவரேதான். ஆனால் அவர் களைத்திருக்கிறார். விடுமுறை கரைகிறது. கூட வந்தவர் முகத்தில் சலிப்பு. ஒரே மனிதருக்குள் இருக்கும் இந்த இருவரில் யார் பேச்சைக் கேட்பது? வடக்கே பறப்பதற்கான திட்டம் என்பதே இந்தக் கேள்விக்கு முன்கூட்டி எழுதி வைத்த பதில்தான் என்று படுகிறது.

கணக்கில் அது எப்படி வருகிறது என்று பார்க்கலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் போகும் விமானம். தொட்டியில் ஐந்து மணி நேரத்துக்குப் பெட்ரோல். ஒரு மணி நேரத்துக்கானதைத் தொடவே கூடாது என்று ஒதுக்கிவிட்டால் மிச்சம் நான்கு. காற்றில்லாத நாளில் இரண்டு மணி நேரம் பறந்த பிறகும் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடலாம். இப்போது பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளுகிறது என்று வையுங்கள். விமானம் 240இல் பாய்கிறது, மனம் துள்ளுகிறது. ஆனால் திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும், வேகம் 160 ஆகிவிடும். அப்படியானால் 1 மணி 36 நிமிடத்திலேயே திரும்பியாக வேண்டும். எல்லாம் சாதகமாக இருக்கும் நாளில்தான் திரும்பும் நேரம் முந்தி வருகிறது. பறந்துகொண்டிருப்பவரின் உடம்பு இதை உணராது. முன்பே தாளில் எழுதி, கடிகாரத்தில் குறித்து வைத்தால்தான் உண்டு.

அந்த ஒரு மணி நேரப் பெட்ரோல் பெரும்பாலான பயணங்களில் பயன்படாமலே தரையிறங்கும். அதற்கு விலை மட்டும் உண்டு. செஸ்னா 172 நான்கு இருக்கை கொண்ட விமானம். ஆனால் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து தொட்டியையும் நிரப்பினால் பெரும்பாலும் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். ஆகவே ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது பெட்டியை, கூடாரத்தை. சார்லஸ் லிண்ட்பர்க்கும் ஆன் லிண்ட்பர்க்கும் 1931இல் லாக்ஹீட் சிரியஸ் மிதவை விமானத்தில் கனடாவின் வடக்கு வழியாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பறந்தார்கள். அப்போது ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, அதே எடைப் பெட்ரோலுக்கு ஈடாக அது தகுமா என்று பார்த்துத்தான் ஏற்றினார்கள். ஆன் மோர்ஸ் குறிகளைக் கற்று வானொலியை இயக்கினார். ஆங்காங்கே எரிபொருளை முன்கூட்டியே சேர்த்து வைக்க ஏற்பாடும் செய்திருந்தார்கள்.

அப்படியும் அலாஸ்காவின் வடகோடியான பாயின்ட் பாரோவில் அவர்களுக்குப் பெட்ரோல் இல்லை. கொண்டுவர வேண்டிய கப்பல் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. இருந்ததை வைத்துக்கொண்டு தெற்கே நோம் நகரை நோக்கிக் கிளம்பினார்கள். வெளிச்சமான வடகோடி இரவுகளுக்குப் பழகியவர்களை, தெற்கே வர வர இருட்டு பிடித்துக்கொண்டது. நோம் வரை போயே தீருவோம் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை. ஷிஷ்மாரெஃப் கழிமுகத் தண்ணீரில் இறங்கி இரவைக் கழித்தார்கள். லிண்ட்பர்க் என்றால் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இரவில் பாதியில் இறங்கியதும் அதற்குக் குறைந்த காரியமில்லை.

நான்கு ஆண்டு கழித்து, அதே பாரோவுக்கு அருகே வைலி போஸ்ட்டின் கதை முடிந்தது. 1933இல் தனியாளாக உலகைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் அவர். நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் உடன் வந்தார். இரண்டு விமானங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய அந்த விமானத்துக்கு, கேட்டிருந்த மிதவைகள் வேளைக்கு வந்து சேரவில்லை. போஸ்ட் காத்திருக்காமல் வேறு மிதவைகளை மாட்டினார். மூக்குப் பக்கம் கனத்துப்போனது. 1935 ஆகஸ்ட் 15 அன்று மூடுபனியில் வழி தவறி ஒரு காயலில் இறங்கி, அங்கே முகாமிட்டிருந்தவர்களிடம் பாரோவுக்கு வழி கேட்டார்கள். மறுபடி கிளம்பியதும் எஞ்சின் நின்றது, விமானம் தலைகுப்புற விழுந்தது. இருவருமே பிழைக்கவில்லை. வழி சொன்ன கிளேர் ஒக்பீஹா 24 கிலோமீட்டர் போல ஓடிப் போய்ப் பாரோவில் செய்தி சொன்னார். போஸ்ட்டைவிடத் திறமையான விமானிகள் அன்று உலகில் வெகு சிலரே. சரியான மிதவைகளுக்காகக் காத்திருக்கும் பொறுமை மட்டும் அந்தப் பயணத்தில் இடம்பெறவில்லை.

தேதி என்ற ஒன்று விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அதை இறக்கிவிடுவது கடினம். 1972 அக்டோபர் 16 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும் அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குச் செஸ்னா 310 விமானத்தில் கிளம்பினார்கள். தேர்தல் காலம், ஜூனோவில் நிதி திரட்டும் கூட்டம் காத்திருந்தது. போர்ட்டேஜ் கணவாய் வழியே கண்பார்வையை நம்பிப் பறக்க அன்றைய வானிலை ஏற்றதாக இல்லை. 39 நாள் தேடியும் விமானத்தின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. விபத்துக்குள்ளான இடத்தை வானொலியில் அறிவிக்கும் அவசரக் கருவி அதில் இல்லை என்று விசாரணை முடிவு செய்தது. அந்த விமானி வைத்திருந்த கையடக்கக் கருவி ஃபேர்பேங்க்ஸில் வேறொரு விமானத்தில் இருந்தது.

கருவியும் உணவும் யாருக்கோ தேவைப்படுபவை என்றுதான் கிளம்பும்போது தோன்றும். 1963 பிப்ரவரியில் வைட்ஹார்ஸிலிருந்து தெற்கே கிளம்பிய ரால்ஃப் ஃப்ளோரஸும் ஹெலன் கிளேபனும் யூக்கான் எல்லையருகே காட்டில் விழுந்தார்கள். சில டப்பா உணவுகள் தீர்ந்த பிறகு பனியை உருக்கிக் குடித்தே உயிர் வாழ்ந்தார்கள். பனியில் மிதித்து எழுதிய உதவிக் குறியை ஒரு விமானி பார்த்து மீட்கும்போது 49 நாள் ஆகியிருந்தது. அலாஸ்காவின் சட்டம் நெடுங்காலம், விமானத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டது: ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்கான உணவு, கோடரி, கத்தி, தீ மூட்டும் பொருள், மீன் பிடிக்கும் சாமான், முதலுதவிப் பெட்டி, தலைக்குக் கொசுவலை. குளிர்காலத்தில் பனிநடைக் காலணி, உறக்கப் பை, கம்பளி. வாசிக்கும்போது ஒரு வீட்டின் சாமான் கணக்கு போலிருக்கும். இவற்றை ஏற்றியதும் பயணிகளுக்கான எடை மேலும் குறைகிறது. ஏற்றத்தான் வேண்டும்.

வடக்கே போகப் போகப் பழகிய துணைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. காந்த துருவம் நெருங்குவதால் கனடாவின் வடகோடியில் திசைகாட்டியை நம்ப முடியாது. அங்கே ஓடுதளங்களுக்கு எண் கொடுப்பதுகூட உண்மை வடக்கை வைத்துத்தான். சிறு விமானங்களுக்கான பெட்ரோல் சில ஊர்களில் 205 லிட்டர் பீப்பாயாகத்தான் கிடைக்கும். மீதமானால் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். கோடையில் ராத்திரியும் விலகுகிறது. பகல் முடியாதபோது ‘இன்றைக்குப் போதும்’ என்று சொல்ல வெளியே எதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் வெயில் அடிக்கும்போது இன்னும் இரண்டு மணி நேரம் பறக்கலாமே என்றுதான் தோன்றும். ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் பறப்போம் என்பதையும் கிளம்புமுன்பே எழுதிவிட வேண்டும்.

எழுத வேண்டிய இன்னொரு நேரம் இருக்கிறது. அது வீட்டில் இருப்பவருக்கானது. கனடாவில் முறைப்படி பறத்தல் திட்டம் கொடுத்துவிட்டால், வேறு நேரம் குறிப்பிடாதபோது, சேர வேண்டிய நேரம் கடந்து ஒரு மணி நேரத்தில் தேடல் தொடங்கும். பொறுப்பான ஒருவரிடம் விவரம் சொல்லிவிட்டுப் போகும் முறையில் அந்த இடைவெளி 24 மணி நேரம். விழுந்து கிடப்பவருக்கு 24 மணி நேரம் மிக நீளம். மறுபக்கம், பத்திரமாக இறங்கிவிட்டுச் சொல்ல மறந்தால் மோசமான வானிலையில் தேடுதல் விமானம் கிளம்பும், அதில் இருப்பவர்களின் உயிரும் பணயமாகும். எனவே கணவனோ மனைவியோ நண்பரோ, தரையில் இருக்கப் போகிறவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குத் தொலைபேசி செய்வது, ‘ஒருவேளை தாமதமாக வருவார்’ என்று எண்ணி எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம், எப்போது தள்ளிப்போடவே கூடாது. ஒருவர் விழுந்து கிடக்கும் காட்சியை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் கணக்கைவிட இந்தப் பேச்சுதான் கடினம். பலர் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள். வரைபடம் வாங்கிய அன்றே பேசிவிடுவது நல்லது.