பொழுதும் பயனும்

வாழ்வில் வெற்றி பெற விரும்பாதார் இலர். பொழுதை வீணாக்காமல் உழைப்பதே அதற்கு முதற்படி என்பதும் யாவரும் அறிந்ததே. குறைந்த நேரத்தில் மிகுந்த பணியைச் செய்து முடிக்கும் வழிகளைக் கற்பிக்கும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் இன்று பெருகியுள்ளன. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், திறம்படச் செயலாற்றுதல் ஒன்றே நல்வாழ்வு ஆகிவிடுமா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

இதற்கு விடை காணப் பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கை நமக்குத் துணை செய்யும். அவர் 1706-இல் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்ற ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். பின்னர்ப் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திப் பொருளீட்டி, 1748-இல், தம் 42-ஆம் வயதில், தொழிலினின்று ஓய்வு பெற்றார்.

இவ்வுயர்வுக்கு அவருடைய ஒழுங்குமுறை பெரிதும் உதவியது. காலை 5 மணிக்கு எழுதல், எட்டு மணி நேரம் உழைத்தல், இரவு 10 மணிக்கு உறங்குதல் என நாளைப் பகுத்துக் கொண்டார். அன்று செய்ய வேண்டிய நன்மை யாது எனக் காலையிலும், செய்த நன்மை யாது என மாலையிலும் தம்மையே வினவினார். அடக்கம், நேர்மை, நீதி முதலான 13 பண்புகளைத் தேர்ந்து, வாரம் ஒன்றாக 13 வாரங்கள் பயின்றார். ஆண்டுக்கு நான்கு முறை இச்சுற்று நிறைவுறும். தவறு நேர்ந்த நாளுக்கு நேரே, குறிப்பேட்டில் ஒரு கரும்புள்ளி இடுவார். பொருள்களையும் பணிகளையும் ஒழுங்காக வைப்பதே தமக்கு மிகக் கடினமாயிருந்தது என்று அவரே ஒப்புக் கொண்டுள்ளார். மிச்சப்பட்ட காலத்தையும் திறனையும் பிறர்க்கும் பயன்படுத்தினார். தாம் அமைத்த புதுவகை அடுப்புக்குக் காப்புரிமை அளிக்க ஆளுநர் முன்வந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார்.

இத்துணை நுட்பமாகத் தம் குற்றங்களை எண்ணிய இப்பெரியார் வீட்டிலேயே அடிமைகள் இருந்தனர். அவருடைய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. நீதி என்னும் பண்பு குறிப்பேட்டில் இருந்தும், இக்கொடுமை நெடுங்காலம் அவர் கண்ணுக்குக் குற்றமாகப் புலப்படவில்லை. முதுமையில் மனம் மாறினார். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்க வேண்டி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரலில், 84-ஆம் வயதில் மறைந்தார்.

அவரைப் பழிப்பதற்காக நாம் இதனைக் கூறவில்லை. எத்தகைய சிறந்த கணக்கேடும் நாம் காண விரும்பும் குற்றங்களையே காட்டும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

நம் நிலையும் இதுவே. நாம் 5 மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி செய்து, உரிய நேரத்தில் உணவருந்திப் பணிக்குச் செல்கிறோம் எனில், 4 மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டியவர் ஒருவர் இருப்பார். நம் கடையின் விற்பனை பெருகியதெனில், அங்கு இரவு பத்து மணி வரை கால்கடுக்க நின்ற பணியாளர் இருப்பார். நாம் மிச்சப்படுத்திய பொழுது பல வேளைகளில் மற்றவரிடமிருந்து எடுத்துக் கொண்ட பொழுதே. வீட்டு முதியவர் நம்மோடு பேசக் காத்திருந்து உறங்கிப் போனதும் அக்கணக்கில் சேர்ந்ததே.

எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம், வெற்றியையும் அவ்வறத்தாலேயே அளத்தல் வேண்டும். அந்திப் பொழுதில் அன்றைய பணிகளை எண்ணிப் பார்க்கையில், எவ்வளவு முடித்தோம் என்பதோடு, யாரை வருத்தி முடித்தோம் என்னும் வினாவையும் சேர்த்துக் கொள்வோம். அவ்வினாவுக்கு உண்மையான விடை கூறி, மறுநாளே திருந்துவோமாக. அதற்கு முதுமை வரை காத்திருக்க வேண்டுவதில்லை.