படத்துக்கான உடையும் உண்மை முகமும்

படம் எடுக்க உட்காருபவர் தேர்ந்தெடுத்து அணியும் உடை அவரைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? துறவு மரபுகளுக்கு உடை வெறும் புறத்தோற்றம். அதில் அக்கறை காட்டுவதே மாயைக்கு இடம் கொடுப்பது. ஆனால் இந்த வாதம், உடுத்தத் துணி உள்ளவர்களின் வாதம்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குச் சிறுவயதில் ஆண்டுக்கு இரண்டு முரட்டு லினன் சட்டைகள்தான். அவை கிழிந்தால், அடுத்த முறை கொடுக்கும்வரை அம்மணம்தான். 1838-இல் தப்பி விடுதலை பெற்ற அவர், 19-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர்களில் ஒருவரானார். சுமார் 160 படங்கள் கிடைத்துள்ளன. கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் காலர், கழுத்துப்பட்டை. முகத்தில் பெரும்பாலும் சிரிப்பில்லை. பல்லிளிக்கும் அடிமை என்ற கேலிச்சித்திரத்துக்கு அது மறுப்பு. 1861-இல் படங்களைப் பற்றியே பாஸ்டனில் சொற்பொழிவாற்றினார்.

எஜமானர்களின் உடையையே ஏன் அணிந்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிறர் அளந்து கொடுத்ததை உடுத்தியவருக்குத் தன் கோட்டைத் தானே தேர்ந்தெடுப்பது வேடமாகாது. அந்தப் படங்களில் பொய்யென்று எதுவும் இல்லை. சட்டம் மனிதனாக ஏற்காத ஒருவர், மனிதராகவே அமர்ந்திருக்கிறார்.