ஹில்டா என்னும் செம்மறியும் நமது நேர்த்தி ஆடுகளும்



தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு எம்பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டிய திருவிளையாடலைப் புராண படனத்திலே கேட்டுக் கண்கலங்கியிருக்கிறோம். பன்றியென்று அருவருத்தானா ஐயன்?

1986 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, லங்காஸ்டர் கால்நடைச் சந்தையின் பின்புறம் இறந்த விலங்குகளைக் குவித்திருந்தார்கள். அங்கு சென்ற ஜீன் பௌர் முதலியோர் கிட்டப் போனபோது குவியலில் கிடந்த செம்மறியொன்று தலையைத் தூக்கிற்று. வெக்கையில் நெருக்கி ஏற்றி வந்ததில் சோர்ந்து விழுந்ததைச் செத்தவற்றோடு எறிந்துவிட்டார்கள். இனிப் பிழைக்காது என்றெண்ணியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அங்கே அது எழுந்து நின்றது! ஹில்டா என்று பெயரிட்டார்கள். அவர்கள் தொடங்கிய பண்ணை விலங்குச் சரணாலயத்தில் 1997 வரை வாழ்ந்து முதுமையிலே மடிந்தது. நியூயோர்க் மாநிலத்து வட்கின்ஸ் கிளெனிலுள்ள அப்பண்ணையில் மீட்ட செம்மறிகள் இன்றும் வாழ்கின்றன. கொல்வதுமில்லை, இறைச்சிக்கு விற்பதுமில்லை. உரோமம் கத்தரிப்பதுகூட அவற்றின் சுகத்துக்காகவே.

நம் ஆலயத்தில் வேள்வி நின்றுவிட்டதென்று பெருமைப்படுகிறோம். ஆனால் நேர்ந்துவிடும் ஆடுகளைத் திருவிழா முடிய ஏலம் விடுகிறோமே, அவற்றை எடுப்பவர் யார்? நான் எழுதுவினைஞனாக இருந்தவன். கணக்குச் சரியென்றால் போதுமென்று பல வருடம் அந்த வரவைப் பதிந்தேன். மாலை போட்ட ஆடு மறுநாள் எங்கே போயிற்றென்று கேட்கவில்லை. பிழை என்னுடையது.

இம்முறை ஏலத்தை நிறுத்தும்படி சபையில் கேட்டிருக்கிறேன். வரவு குறையும், தேர்த் திருத்தம் பிந்துமென்று சிலர் சொல்வதும் நியாயமே. வளவும் மனமும் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பூசை முடிய என்னிடம் பெயர் தாருங்கள். முதல் ஆட்டை என் வளவில் கட்டுகிறேன்.