அழுதவர்களின் சிரிப்பு

துக்கத்தைச் சிரிப்பாக்குவது பாவமா? கேலிச்சித்திரம் வரைபவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது. சொந்த வீட்டின் கஷ்டத்தையும் மரணத்தையும் வைத்து ஊரைச் சிரிக்கவைப்பவனை இரக்கமற்றவன் என்பாருண்டு. அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம்.

அமெரிக்கச் சித்திரக்காரர் சார்ள்ஸ் ஷுல்ஸை எடுத்துக்கொள்வோம். 1950 ஒக்டோபர் 2ஆம் திகதி ஏழு பத்திரிகைகளில் தொடங்கிய அவரது 'பீனட்ஸ்' தொடர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வெளிவந்தது. 17,000க்கும் மேற்பட்ட சித்திரங்கள். அத்தனையையும் அவரே வரைந்தார். அவரது தகப்பனார் சென்ட் போல் நகரில் சலூன் வைத்திருந்தவர். தொடரின் நாயகன் சார்லி பிரவுணின் தகப்பனுக்கும் அதே தொழில்தான். சிறுவயதில் வீட்டில் வளர்ந்த நாயே பின்னர் ஸ்னூப்பியாயிற்று. 1943இல், பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டிருந்த இருபது வயதில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் ரயிலேற வேண்டியிருந்தது.

இந்த இழப்புத்தான் அவரை நகைச்சுவையாளர் ஆக்கியது என்று சொல்ல நான் தயாரில்லை. அந்த யுத்த காலத்தில் தாயை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். துன்பம் மட்டும் கலையைத் தந்துவிடாது. சலூனும் நாயும் நிறைந்த அந்த வீட்டின் மீதிருந்த பாசமே அவருக்கு வரையப் பொருள் தந்தது. அந்தப் பாசம் எவ்வளவு பெறுமதியானது என்பதை மரணம் காட்டிக்கொடுத்தது.

சார்லி பிரவுண் பந்தை உதைக்க ஓடிவருவான். லூசி கடைசி நொடியில் பந்தை இழுத்துவிடுவாள். அவன் மல்லாக்க விழுவான். அடுத்த வருடமும் நம்பி ஓடிவருவான். ஏமாறுகிற இந்தப் பையனை ஷுல்ஸ் அடுத்த வீட்டில் வைக்கவில்லை. தன் தகப்பனின் சலூன் வீட்டிலேயே வைத்தார். விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பதற்கும் விழுந்தவனாக இருந்து சிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம் பக்கத்து மையித்து வீடுகளிலும் மூன்றாம் நாள் இரவில், மௌத்தானவரின் குறும்பொன்றை யாராவது எடுத்துவிட, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதையே வெளியாள் ஒருவர் சொல்லிச் சிரித்திருந்தால் நாம் பொறுத்திருக்கமாட்டோம். அந்தச் சிரிப்பின் உரிமை அழுதவர்களுக்கே உரியது.

1981இல் இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் ஷுல்ஸின் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கிய கோடுகளோடே வரைந்தார். புற்றுநோய் கண்டதால் 1999 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். 2000 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு காலமானார். அவரது கடைசி ஞாயிறு சித்திரம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. தொடரை வேறொருவர் தொடரக்கூடாது என்பது குடும்பத்தின் விருப்பமாகவும் இருந்தது.

பிறர் வரைந்திருந்தால் கோடுகள் ஒருவேளை நேராக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சலூன் வீட்டில் அழுதவர் அவரல்லவா? நகைச்சுவை எழுதும் நம்மவர்களிடமும் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: நீங்கள் சிரிக்கும் வீட்டில் நீங்கள் அழுததுண்டா?