நாலு வருஷத்தோடு திரும்பாதே, தம்பி!

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த தம்பியைச் சுற்றி நாலு பேர் கூடினால் போதும், திருநள்ளாற்றில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகிறது. "இன்னும் எத்தனை மாசம்? பணம் கைக்கு வந்ததும் கோயில் பக்கமா ஒரு கடையைப் போட்டுடு!"

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சனிக்கிழமைக் கூட்டமும் சனிப்பெயர்ச்சிக் கூட்டமும் இருக்கிற ஊரில் கடை போட்டவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் தம்பி, அது உன் ஆசையா? விடியற்காலையில் காரைக்கால் சாலையில் மூச்சிரைக்க ஓடினாயே, 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கால் வீங்கும்வரை ஓடினாயே, அது ஒரு கடைக்கு முதல் சேர்க்கவா?

கணக்கை நேராகப் பார்ப்போம். 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரனுக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டு. முடித்து வெளியே வருகிறவனுக்குச் சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி உன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தது, மறுபாதி அரசு போட்டது. ஒரு அணியில் 25 சதவீதம் பேர்வரை நிரந்தரப் படைக்கு எடுக்கப்படுவார்கள். அப்படி எடுக்கப்படுகிறவனுக்குத் தன் பங்கும் அதன் வட்டியும் மட்டுமே கிடைக்கும்; அரசின் பங்கு கிடையாது. மேற்கொண்டு குறைந்தது 15 ஆண்டு பணி. பென்ஷன் கணக்கில் முதல் நான்கு ஆண்டு சேராது.

ஆக, தங்குகிறவன் கைக்கு வரும் பணத்தை விட்டுவிட்டுத்தான் தங்குகிறான். இது எனக்குப் பிடித்திருக்கிறது என்றே சொல்வேன். விலை கொடுக்காமல் எடுத்த முடிவு முதல் பனிக்காலத்திலேயே ஆட்டம் கண்டுவிடும்.

இந்த மண்ணுக்குப் பட்டாள வாழ்க்கை புதிதும் அல்ல. நம் ஊர் அடங்கிய காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களை இங்கே 'சொல்தா' என்றார்கள். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்று இன்றும் பெரியவர்கள் வாயில் வரும். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பையன்கள் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். அறியாத மொழியில் கட்டளை, பழகாத குளிர், வீட்டுக் கடிதம் வர எத்தனையோ வாரம். 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். எந்த நாட்டுக்காரனாக வாழ்வது என்பதையே அந்த ஆறு மாதத்தில் தீர்மானித்தார்கள் இந்த ஊர்க்காரர்கள். நீ உன் சொந்த நாட்டுக் கொடியின் கீழ் நிற்கப்போகிறாய். உனக்கு என்ன தயக்கம்?

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் பழனியை நினைத்துக்கொள். பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டைத் தாண்டியும் சீருடையைக் கழற்றவில்லை. 22 ஆண்டுப் பணியில் ஹவில்தாராக, 2020 ஜூன் 15 இரவு கல்வான் எல்லை மோதலில் உயிர் கொடுத்தார். நாடு அவருக்கு வீர் சக்ரா வழங்கியது. அந்த இரவில் அவர் நின்ற நிலையை நாலு வருஷத்தில் யாரும் கற்றுவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

"ஏழரை நடக்குது, இப்ப எதையும் முடிவு பண்ணாதே" என்பார்கள். நம் ஊர்க் குளத்துக்குப் பேர் கொடுத்த நளன் சனி பிடித்தபோது என்ன செய்தான்? நாடு போயிற்று, உருவம் போயிற்று. கையில் இருந்த குதிரைத் தொழிலை மட்டும் அவன் விடவில்லை. இருதுபன்னனின் அரண்மனையில் தேரோட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தேரில்தான் தமயந்தி இருந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தான். குளத்தில் முழுகு, எள் தீபம் ஏற்று, வேண்டிக்கொள். முடிவை மட்டும் அடுத்த பெயர்ச்சிக்குத் தள்ளாதே!

25 சதவீதம் என்றதும் சோர்ந்துவிடாதே. நான்கு ஆண்டில் நீ காட்டிய திறமையை வைத்துத்தான் அந்தத் தேர்வு. ஆகவே இன்றைய ஓட்டம், இன்றைய துப்பாக்கிப் பயிற்சி, இன்று ராத்திரி காவல் எல்லாமே உன் மார்க்தான். இந்தி தடுமாறுகிறதா, கூச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசு. நிரந்தரமாகிவிட்டால் நாயக், ஹவில்தார், சுபேதார் என்று ஏணி இருக்கிறது. படித்தால் ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகவே ஆகலாம். சிப்பாய்களுக்கென்றே திறந்துவைத்த கதவு அது. இடம் கிடைக்காமல் போனாலும் மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. சீருடையை விடாமல் பிடி.

விருப்ப விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. 'கொஞ்ச நாள்' என்று மழுப்பாதே. மொத்தம் குறைந்தது பத்தொன்பது வருஷம் என்று எண்ணைச் சொல்லியே பேசு. அழுவார்கள், அழட்டும், ஒளித்துவைத்தால்தான் பின்னால் மனசு விட்டுப்போகும். பெண் கொடுக்க வருகிறவர்களிடமும் அதே எண்ணைச் சொல்லச் சொல்.