ஒட்டிய படமும் உண்மையும்

"சார், இது மெய்ப்படமா, ஒட்டுப்படமா?"

முழுக் கதிரவன் மறைப்பின் படமொன்றைக் காட்டி மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான். திருநெல்வேலி டவுண் வகுப்பறையில் எழுந்த வினாதான். ஆயினும் வகுப்பறையோடு முடியும் வினா அன்று!

கரிய நிலவைச் சுற்றி வெள்ளொளி விரிந்திருந்தது அப்படத்தில். கதிரவனின் மகுடம் என்பர் அதனை. முழு மறைப்பின்போதுதான் அது வெறுங்கண்ணுக்குப் புலப்படும். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று, நெல்லையில் நாம் சிறுவராய்க் கண்டது வளைய மறைப்பு. எஞ்சிய விளிம்பின் ஒளியிலே மகுடம் மூழ்கிப் போயிற்று.

தமிழகம் முழு மறைப்பைக் கண்ட நாளும் உண்டு. 1871 டிசம்பர் 12. உதகைக்கருகே தொட்டபெட்டாவில் டென்னன்ட் குழுவினரும், மேற்குக் கடற்கரையில் பேக்கலில் லாக்கியர் குழுவினரும் படமெடுத்தனர். கிடைத்ததோ இரண்டு நிமிட அளவே! அந்நாளில் மகுடத்தைக் கண்ணால் கண்டு கையால் வரைந்தோரும் இருந்தனர். ஒருவர் வரைந்ததுபோல் மற்றவர் வரைந்ததில்லை. மகுடம் கதிரவனுடையதா, நம் காற்றுமண்டலம் காட்டும் தோற்றமா என்ற ஐயமும் இருந்தது. தொலைவிலிருந்த ஈரிடத்துப் படங்களும் ஒத்திருந்தன, ஐயம் அகன்றது.

கண் தோற்றது, கருவி வென்றது என்று முடித்துவிடலாமா? கூடாது. மகுடத்தின் ஒளி விளிம்பருகே மிகுதி. விலக விலக ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கும். காமிராவில் ஒளி பாயும் நேரத்தைக் குறைத்தால் வெளிக்கதிர்கள் பதியா. கூட்டினால் உட்புறம் வெளுத்துப் பாழாகும். கண்ணோ இரண்டையும் ஒருசேரக் காண்கிறது. ஆகவேதான், வெவ்வேறு நேர அளவுகளில் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாய்ப் பதிந்ததை இணைக்கின்றனர். செக் நாட்டுக் கணித அறிஞர் ட்ருக்முல்லர் இதில் பெயர் பெற்றவர்.

கை படாத ஒற்றைப் படம் அரை உண்மை. கை பட்ட கூட்டுப் படம் கண் கண்டதற்கு நெருக்கம்! அப்படியானால் ஒட்டுவதெல்லாம் உண்மையாகிவிடுமா? ஆகாது. எத்தனை படம், எவ்வளவு நேரம், எவ்வாறு இணைத்தோம் என்று சொல்லவேண்டும். கேட்பவன் தானே செய்து சரிபார்க்க வழி வேண்டும். அந்த நாணயமே உண்மைக்குக் காவல்.

இராகு கதையும் ஓர் ஒட்டுப்படமே! வானத்து இருளோடு பாம்பின் வாயை ஒட்டினர். ஒட்டிய கையை மறைத்தனர். ஏன் என்று கேட்டவனைப் பாவி என்றனர்.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா, தோழர்களே? நமக்கு வாய்ப்பான ஒற்றைப் படத்தை மட்டும் மேடையில் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஆசை நம்மிடம் இல்லையா? மறுக்கும் சான்றை மறைத்தபின் பகுத்தறிவென்று பேசுவது எங்ஙனம்?

மாணவனிடம் சொன்னோம்: "ஒட்டியதுதான், தம்பி. எப்படி ஒட்டினேன் என்று எடுத்தவர் சொல்லியிருக்கிறாரா, அதைப் பார். பிறகு, நான் சொன்னதையும் சரிபார்!"